டிக்கெட் இல்லாத மான்

என் அப்பா காலத்தில் மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும். திண்டிவனத்தில் விடியற்காலைப் பாசஞ்சரைப் பிடித்தால் காலையில் எழும்பூர். இறங்கி நடந்தால் செத்த காலேஜ். அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் போனால் உயிர்க் காலேஜ். மூர் மார்க்கெட்டில் எதையாவது பேரம் பேசி வாங்கி, எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணி, பீச்சில் கால் நனைத்துவிட்டு ராத்திரி ரயிலுக்குத் திரும்பிவிடலாம். ஊரில் யார் மெட்ராஸ் போய்விட்டு வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து முதலில் கேட்கும் கேள்வி, "ரெண்டு காலேஜும் பாத்தியா?" என்பதுதான்.

மியூசியத்துக்குச் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலைக்கு உயிர்க் காலேஜ். இந்தப் பெயர்களை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்திராத ஜனங்கள், காட்சி சாலை என்றோ பூங்கா என்றோ சொல்லாமல், காலேஜ் என்றார்கள். போனால் எதையாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டிய இடம் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

இந்த இரண்டு காலேஜுகளும் ஒரு காலத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தவை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பாளராக இருந்தார். பாடம் செய்த விலங்குகளோடு ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் உயிரோடு கொண்டுவந்து வைத்தார். கூட்டம் எகிறியது. அதைப் பார்த்து 1855-இல் அங்கேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் பேசி அவரிடமிருந்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். இடம் போதாமல் 1863-இல் அது சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கேயும் நகரம் நெருக்க, 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆக, உயிர்க் காலேஜ் பிறந்தது செத்த காலேஜின் வயிற்றில்தான்.

ஏழு வயதில் அப்பா என்னை இரண்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாளைப் பற்றி இன்று எனக்கு நினைவிருப்பது மூன்றே விஷயங்கள்: அப்பாவின் முதுகு, பொட்டலத்து வேர்க்கடலை, "நடடா, இன்னும் சிங்கம் பாக்கி இருக்கு" என்ற குரல். சிங்கம் எப்படி இருந்தது என்று சத்தியமாக நினைவில்லை. ஆனால் ஊருக்குப் போனதும் எல்லாரிடமும் சொன்னேன்: "பாத்துட்டேன்."

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றால், போன மே மாதம் நானும் அதே தப்பைச் செய்தேன்.

பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். எட்டு வயது. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் விலங்குகளின் பெயர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் டிக் அடிக்கச் சின்னச் சின்னக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். மொத்தம் முப்பத்திரண்டு. மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். இருப்பது ஒரே நாள். நான் கணக்குப் போட்டேன். கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டிய பாம்புப் பண்ணை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, அங்கிருந்து கோவளம், கேளம்பாக்கம் வழியாக வண்டலூர். நாலு இடம். திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை. நல்லவேளையாக அன்று புதன்.

வாடகைக் காரை ஓட்டி வந்தவர் தாம்பரத்துக்காரர். திட்டத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "சுத்திடலாம் சார். பாக்கறதுதான் கஷ்டம்" என்றார்.

அப்போது அது எனக்குப் புரியவில்லை. டீசல் கணக்குப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்டியில் காலை வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. பேத்தி நோட்டும் பேனாவுமாக ஓடினாள். குரங்கு, டிக். நரி, டிக். மயில், டிக். ஒவ்வொன்றுக்கும் பலகையைப் படிக்கிற நேரம்கூட ஆகவில்லை. புள்ளிமான் அடைப்புக்கு வந்து டிக் போட்டுவிட்டு அடுத்ததுக்குத் திரும்பியவள், அந்தப் பக்கம் கம்பி வேலிக்கு அப்பால் மரத்தடியில் இன்னொரு மான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். சருகுக்குள் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.

"தாத்தா, இது எந்தக் கூண்டு மான்?"

"எந்தக் கூண்டும் இல்லடா. அது காட்டு மான்."

"அப்ப அதுக்கு டிக்கெட் கிடையாதா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. நோட்டைப் பார்த்தாள், மானைப் பார்த்தாள். டிக் போட்டாகிவிட்டது. இந்த மானை எங்கே எழுதுவது?

கிண்டியின் விசேஷமே அதுதான். கவர்னர் மாளிகையைச் சேர்ந்த வேட்டைக் காடாக ஒரு காலத்தில் இருந்தது. அதில் எஞ்சிய 2.7 சதுர கிலோமீட்டர் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் ராஜ்பவன், இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி., சுற்றிலும் ஓயாத வண்டிச் சத்தம். நடுவில் வெளிமானும் புள்ளிமானும் தங்கள் பாட்டுக்குக் குட்டி போட்டு வாழ்கின்றன. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் சைக்கிளில் போகும் பாதையை அவை சாவகாசமாகக் குறுக்கே கடக்கும். அடைப்புக்குள் நிற்கும் மானும் வெளியே நிற்கும் மானும் ஒரே இனம்தான். ஒன்றை நாம் போய்ப் பார்க்கிறோம். மற்றொன்று வந்தால் பார்க்கிறோம், வராவிட்டால் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலியின் கனம்தான் இடைவெளி.

இதை யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. "வா வா, பாம்பு இருக்கு" என்றேன். அப்பாவின் குரலே என் வாயிலிருந்து வந்தது.

பாம்புப் பண்ணை 1972-லிருந்து கிண்டியில் இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. பாம்பைக் கண்டால் கம்பை எடுக்கிற ஊரில், பாம்பை ஆற அமரப் பார்க்க வைத்த இடம். கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் ஒரு குடும்பம் நின்று முனகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமே இல்ல, காலியா இருக்கு." ஒரு பையன் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக வாங்கிக்கொள்கிற பிராணி அது. கண்ணாடியில் தட்டுவது அதன் வீட்டுச் சுவரை இடிப்பதற்குச் சமம். அங்கிருந்த ஊழியர் வந்து தடுத்தார். பேத்தி பலகையைக் காட்டி, "இதுல பாம்பு இல்லியா அங்கிள்?" என்று கேட்டாள்.

"இருக்கு பாப்பா. மண்ணுக்குள்ள இருக்கு. பேரைப் படி. பேரே மண்ணுளிதானே? வெளிய கிடந்தா அதுக்கு ஏன் அந்தப் பேரு?"

அவள் மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணல் அசையவில்லை. "நேரமாச்சு" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். கட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பாதி டிக் போட்டாள். பாதி டிக்கை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

வடநெம்மேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கடல் காற்றிலும் அனல். முதலைப் பண்ணையின் கதையே தனி. தோலுக்காகச் சுட்டும், முட்டைகளை எடுத்தும், ஆறுகளைக் கெடுத்தும் இந்தியாவில் முதலைகளைத் துடைத்தெறிகிற நிலை வந்தபோது, 1975-இல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு விட்டேக்கர் தம்பதியும் நண்பர்களும் இங்கே இந்தப் பண்ணையைத் தொடங்கினார்கள். பேங்க் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அழிந்துபோனால் எடுத்துக் கொடுக்க ஒரு சேமிப்பு. சில பத்து முதலைகளோடு தொடங்கியது ஆயிரக்கணக்கில் பெருகியது. போட்ட முதல் குட்டி போட்டது என்று சொல்லலாம். ஆனால் திருப்பி விட ஆறுகளில் இடம் இல்லை. பின்னாளில் ஒரு பெருங்கூட்டத்தைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப வேண்டி வந்தது. உயிரைக் காப்பாற்றிவிடலாம், அது வாழ இடத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தக் காலேஜிலும் கிடைக்காது.

சதுப்புநில முதலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சில வாயை ஆவென்று திறந்தபடி அசையாமல் இருந்தன. உடம்புச் சூட்டை இறக்க அவை செய்கிற வேலை அது. பேத்தி ஒரு நிமிடம் பார்த்தாள், டிக் போட்டாள், பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சிலையா தாத்தா?"

அவள் மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர் குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தார். உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். நான் "சார், வேணாம்" என்றதும் கூச்சத்தோடு கல்லைப் போட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. காசு கொடுத்தவர், அவ்வளவுதான். ஏதாவது நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். மாதக்கணக்கில் சாப்பிடாமல்கூட இருக்கக்கூடிய பிராணியின் முன்னால், மூன்று நிமிடத்தில் ஏதாவது நடக்க வேண்டும் என்று நிற்கிறோம்.

அங்கே மரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. கீழே முதலை, மேலே கொக்கு. டிக்கெட் இல்லாமல், யாரும் கொண்டுவந்து விடாமல், தானாக வந்து குடியேறியவை. பேத்திக்கு ஒரு விஷயம் சொன்னேன். கொக்குகள் கூடு கட்டக் குச்சி தேடும் காலத்தில், இதே பண்ணையின் முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளை ஏந்திக்கொண்டு தண்ணீரில் அசையாமல் கிடப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். குச்சியை எடுக்க வரும் கொக்கு இரையாகும். 2013-இல் வெளியான ஆய்வு அது. நாம் சிலை என்று நினைத்துக் கல்லை எடுத்தோமே, அந்தச் சிலை ஒருவேளை தூண்டில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அவள் கண் விரிந்தது. "இப்ப குச்சி வெச்சிருக்கற முதலை எது?" என்று ஒவ்வொரு மூக்காகத் தேடத் தொடங்கினாள். அன்று அவள் ஒரு விலங்கை நிஜமாகப் பார்க்கத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். சரியாக அப்போது, பக்கத்தில் பாம்பு விஷம் எடுப்பதைக் காட்டப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

விஷம் எடுத்துக் காட்டுகிறவர்கள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்தச் சங்கம் 1978-இல் பதிவானது. பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் நிறுத்தியபோது பிழைப்பை இழந்து நின்ற இருளர்களுக்கு, தோலுக்குப் பதில் விஷம் என்று வழி பிறந்தது. தோல் என்றால் பாம்பு சாக வேண்டும். விஷம் என்றால் பாம்பு பிழைக்க வேண்டும். பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், குதிரைகளின் உடம்பில் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, அவற்றின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தாகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அந்தக் கணக்கில் சேராமல் பிழைத்து எழுந்த எத்தனையோ பேரைக் காப்பாற்றிய மருந்துக்கு, விஷம் இந்தச் சங்கத்தின் மண்பானைகளிலிருந்து போனது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மணல் தரையில் வரிசையாகப் பானைகள். வாயில் துணி கட்டியிருக்கும். ஒருவர் துணியை அவிழ்த்து, பானையைச் சாய்த்து, கண்ணாடிவிரியனை வெளியே விட்டார். சீற்றம் குக்கர் போல இருந்தது. கம்பியால் தலையை மெல்ல அழுத்தி, இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்து, தோல் கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க வைத்தார். மஞ்சளாக இரண்டு சொட்டு. கூட்டம் கைதட்டியது. முடிந்த பிறகு பேத்தி அவரிடம் கேட்டாள்: "காட்டுல இது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பாம்பைத் தேட மாட்டோம் கண்ணு. வளையைப் பாப்போம். வாய் வழவழன்னு இருந்தா உள்ள இருக்கு. சிலந்தி கூடு கட்டியிருந்தா இல்ல. தடம் இருக்கும், உரிச்ச சட்டை கிடக்கும், புழுக்கை கிடக்கும். பாக்காமயே தெரிஞ்சிடும்."

பாக்காமயே தெரிஞ்சிடும். கேளம்பாக்கம் சாலையில் கார் போன நேரம் முழுக்க அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது. காலையிலிருந்து நாங்கள் செய்தது நேர் எதிரான வேலை. எல்லாவற்றையும் பார்த்தோம், எதுவும் தெரியவில்லை. அவர் பாம்பைக் காணாமலே பாம்பை அறிகிறார். நாங்கள் கண்ணாடிக்கு இரண்டடி தூரத்தில் நின்றும், பாம்பு இல்லை என்று சாதிக்கிறோம். டிரைவர் காலையில் சொன்னது டீசல் கணக்கு அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டலூருக்குள் நுழையும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. 602 ஹெக்டேர். பாதிக்குமேல் காடு. பழைய உயிர்க் காலேஜைப் போலப் புலிக்கும் சிங்கத்துக்கும் கம்பிக் கூண்டு இங்கே கிடையாது. அகழி வெட்டி, அதற்கு அந்தப் பக்கம் மரமும் புதரும் பாறையுமாக அகலமான இடம் விட்டிருக்கிறார்கள். பேட்டரி வண்டியில் ஏறினோம். சிங்கவால் குரங்கு, டிக். நீர்யானை, டிக். அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது, பரவாயில்லை என்றாள்.

வெள்ளைப் புலியின் முன்னால் கூட்டம் நெரிந்தது. எல்லாருடைய கையிலும் செல்போன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1951-இல் ரேவா மகாராஜாவிடம் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஒரு வெள்ளைக் குட்டியின் வம்சம்தான் உலகில் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நிறம் மாறாமல் இருக்க உறவுக்குள்ளேயே கூட்டிக் கூட்டிப் பெருக்கினார்கள். அந்த நிறத்தைத் தருகிற மரபணுக் குறையே கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையையும் மாற்றிவிடுகிறது. மாறுகண் அவற்றில் பரவலாக உண்டு. நம் கண்ணுக்கு விருந்தாகப் பெருக்கிய பிராணிக்கு அதன் கண்ணிலேயே கோளாறு. பார்க்க வேண்டும் என்ற நம் ஆசை ஓர் உயிரின் உடம்பில் எவ்வளவு ஆழம்வரை போகும் என்பதற்கு இது சாட்சி.

அடுத்து, சாதாரணப் புலி. நம் காட்டுப் புலி. அகழிக்கு அந்தப் பக்கம் மூங்கில், புதர், ஒரு பாறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. புலி இல்லை. கூட்டம் வரும், பார்க்கும், உதட்டைப் பிதுக்கும், போகும். ஒருவர் விசில் அடித்தார். இன்னொருவர், "காசை வாங்கறாங்க, புலியைக் காட்ட மாட்டேங்கறாங்க" என்றார். காவலர் சலிப்பில்லாமல் சொன்னார்: "உள்ளதான் சார் இருக்கு. வெயில் தாழ்ந்தா வரும். வராட்டியும் அது இஷ்டம்."

பேத்தி என்னை அண்ணாந்து பார்த்தாள். "போலாமா, இருக்கலாமா?"

பட்டியலில் இன்னும் ஒன்பது கட்டம் பாக்கி. பூங்கா மூடவும் அதிக நேரமில்லை. "இருக்கலாம்" என்றேன். அந்த நாளில் நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

இருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. தொட்டியின் விளிம்பில் ஈரம். அங்கிருந்து புதர்வரை மண்ணில் ஈரத் தடம், வெயிலில் மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மரத்தின் பட்டையில் நீள நீளமாக நகக் கீறல், புதிது. மூங்கில் ஓரத்தில் ஒரு மைனா எதையோ பார்த்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பேத்தி என் காதில் கிசுகிசுத்தாள்: "தாத்தா, வளை வழவழன்னு இருக்கு!"

புலி கடைசிவரை வரவில்லை. காவலர் விசில் ஊதி எல்லாரையும் கிளப்பினார். திரும்பி நடக்கையில் ஓட்டேரி ஏரிப் பக்கம் பறவைகள் அடைய வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் டிக்கெட் கிடையாது.

காரில் ஏறியதும் அவள் நோட்டைத் திறந்தாள். புலிக்கு நேரே இருந்த கட்டத்தில் டிக் போடவில்லை. பேனாவைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரே ஒரு சொல் எழுதினாள்: "இருக்கு." பக்கத்தைப் புரட்டி, பாதி டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மண்ணுளிக்கும் அதையே எழுதினாள்.

அறுபது வயது தாண்டிய எனக்கு அந்தச் சொல்லில் ஒரு கதவு திறந்தது. அவ்வளவு காலமும் "பார்த்துவிட்டேன்" என்ற சொல்லைத்தான் நான் அறிவு என்று நினைத்திருந்தேன். அதில் விலங்கு இல்லை, நான்தான் இருந்தேன். நான் வந்தேன், நான் காசு கொடுத்தேன், நான் பார்த்தேன். அந்தக் கணக்கில் விலங்கு என்பது எனக்குச் சேர வேண்டிய பாக்கி. அது தூங்கினால் கோபம், ஒளிந்தால் ஏமாற்றம், அசையாவிட்டால் கல். "இருக்கு" என்பது வேறு. அதில் நான் இல்லை. என் கண்ணுக்குப் படாத நேரத்திலும் அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு நிழல் உண்டு, ஒரு விருப்பம் உண்டு என்று ஒப்புக்கொள்கிற சொல் அது.

இதை விலங்குகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு "அம்மாவைப் பாத்துட்டு வந்துட்டேன்" என்கிறோம். கல்யாண வீட்டில் மொய் எழுதி, முகம் காட்டி, "எல்லாரையும் பாத்தாச்சு" என்கிறோம். டிக் போடுகிறோம். எதிரே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பது நம் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

மிருகக்காட்சி சாலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மக்கள் வந்து பார்த்ததால்தான் பால்ஃபரின் காலேஜ் நிலைத்தது. வந்து பார்க்கிறவர்கள் கொடுக்கிற காசில்தான் முதலைகளும் பிழைக்கின்றன. கண்ணால் காணாததன்மேல் மனிதனுக்கு அக்கறை பிறப்பது அரிது. ஆனால் பழைய கூண்டுக்கும் வண்டலூரின் அகழிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கூண்டில் விலங்கு ஒளிய முடியாது. கம்பிக்குள் எந்த மூலைக்குப் போனாலும் நம் கண் அங்கே போகும். ஒளிந்துகொள்ள ஒரு புதர் கொடுத்த அன்றைக்குத்தான், அது நம்மைப் போல ஓர் உயிர் என்று ஒப்புக்கொண்டோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாரும் படுக்கையறைவரை துருவிப் பார்ப்பதில்லையே. ஆகவே, புலி தெரியாமல் போவது அந்த இடத்தின் குறை அல்ல. அந்த இடம் நல்லபடி நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நாம் வாங்குகிற டிக்கெட் உள்ளே போவதற்கு அனுமதி. அதை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்து என்பதற்கு அதிகாரம் அல்ல.

இந்த லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு இடம் வேண்டாம், ஒரு இடம் போதும். அந்த ஒரு இடத்திலும் ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள், விசில் அடிக்காதீர்கள். வந்தால் பாருங்கள். வராவிட்டால் தடத்தைப் பாருங்கள், கீறலைப் பாருங்கள், மைனா யாரைப் பார்த்துக் கத்துகிறது என்று கேளுங்கள். கூடவே, வேலிக்கு வெளியே டிக்கெட் இல்லாமல் நிற்கிற மானையும் மறக்காமல் காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை. அன்றைக்குப் புலியைப் பார்க்க யாரும் வருவதில்லை. புலி அன்றும் இருக்கிறது.